பதினேழாவது வரி

மூன்று மொடியூல்களை ஒப்பிட்டு வினோதா தயாரித்த அட்டவணையில் இருபத்திரண்டு வரிகள் இருந்தன. முதல் பதினாறு வரிகளைப் பற்றிக் கூட்டத்தில் ஏதோ ஒரு பேச்சாவது எழுந்தது. பதினேழாவது வரிக்கு வந்தபோது தேநீர் வந்துவிட்டது.

அந்த வரி இதுதான்: "படிவத்தில் தரும் விவரங்களில் எது வெளியாருக்குத் தெரியலாம், எது தெரியக்கூடாது என்று ஒவ்வொன்றாகப் பிரித்து வைக்க முடியுமா?" முதலாவது மொடியூலுக்கு நேரே "பட்டியலே இல்லை" என்றும், இரண்டாவதற்கு நேரே "முடியாது" என்றும், மூன்றாவதற்கு நேரே "முடியும்" என்றும் எழுதியிருந்தாள். "முடியாது" என்ற சொல்லின் கீழே இரண்டு கோடுகளும் போட்டிருந்தாள். கோடு போட்டால் கண் அங்கே போகும் என்று நம்புகிற வயதை அவள் அப்போது தாண்டியிருக்க வேண்டும். முப்பத்து மூன்று.

நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். தாய் வீரம்மா முப்பத்தொரு வருஷம் கொழுந்தெடுத்து, முழங்கால் தேய்ந்து வீட்டோடு இருந்தாள். தகப்பன் இவள் ஏழாம் வகுப்பில் இருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டார். உயர்தரம் முடித்து, ஹட்டனில் கொம்பியூட்டர் வகுப்புக்குப் போய், போட்டோ கொப்பிக் கடைகளில் டைப் அடித்து, கடைசியில் குன்றொளி கல்வி நிதியத்தில் வந்து ஒட்டிக்கொண்டாள். நியமனக் கடிதத்தில் "தரவு உள்ளீட்டாளர்" என்று இருந்தது. எட்டு வருஷத்தில் இணையத்தளம் பார்ப்பதும் அவள்தான், பிரிண்டரில் சிக்கிய தாளை இழுப்பதும் அவள்தான், வருகிற விருந்தாளிக்குப் பிஸ்கட் வாங்கி வருவதும் அவள்தான் என்று ஆகியிருந்தது.

நிதியத்தின் அலுவலகம் ஹட்டன் பெரிய வீதியில் ஓர் இரும்புக் கடையின் மேல்மாடி. கடையும் நிதியமும் சுந்தரலிங்கத்துடையவை. பெயின்ட் வாசமும் கயிற்று வாசமும் படியேறி மேலே வரும். சுந்தரலிங்கத்தைக் கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. கெட்ட மனிதராக இருந்திருந்தால் வினோதா எட்டு வருஷம் அங்கே இருந்திருக்க மாட்டாள். பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டார். அந்த ஆசை ஊருக்குத் தெரிய வேண்டும் என்றும் அதே அளவுக்கு ஆசைப்பட்டார்.

வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன தாய்மாரின் பிள்ளைகளைப் படிக்க வைப்பதுதான் புதிய திட்டம். கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் ஆளுக்கொரு பிள்ளையைப் பொறுப்பெடுக்க வேண்டும். அதுவரை எல்லாம் தாளில்தான் நடந்தது. பைல் பைலாக விண்ணப்பங்கள், அதைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புவது, அனுப்பியது யாருக்கென்று மறந்துபோவது.

"பாத்தாத்தான் மனசு எறங்கும் வினோதா," என்றார் சுந்தரலிங்கம். "தாள்ல பேரு கெடந்தா யாருக்கு எறங்கும்? ஒரு பக்கம் புள்ளைங்க வெவரத்த நெரப்புற படிவம், இன்னொரு பக்கம் அவங்க எல்லாரையும் காட்டுற பட்டியல். ரெண்டையும் சேத்துச் செய்யிற நல்ல மொடியூலா பாத்து எனக்கு எழுதிக் குடுங்க."

இணையத்தளத்தில் செருகிக்கொள்ளும் சின்ன மென்பொருளைத்தான் மொடியூல் என்பார்கள். அப்படி நூற்றுக்கணக்கில் கிடைத்தன. வடிகட்டி வடிகட்டி மூன்றில் வந்து நின்றாள். மூன்றுக்கும் வாயில் நுழையாத ஆங்கிலப் பெயர்கள். தன் கொப்பியில் மூன்று நிறப் பேனாவால் குறிப்பெடுத்ததால் அவளுக்கு அவை சிவப்பு, நீலம், பச்சை என்றே ஆகிவிட்டன; அட்டவணையிலும் அந்த நிறங்களையே போட்டாள்.

சிவப்பு படிவம் கட்டுவதில் கெட்டி. ஆனால் குடும்பப் பெயரைக் கேட்டு அடம் பிடித்தது. மலையகத்தில் யாருக்கு இருக்கிறது குடும்பப் பெயர்? தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும், அவ்வளவுதான். வீதிப் பெயர் கேட்டது, வீட்டு இலக்கம் கேட்டது. தோட்டம், டிவிசன், லயம், லயத்து அறையான காம்பரா என்று சொன்னால் அதற்குப் புரியவில்லை. இரண்டு நாள் மல்லுக்கட்டி அதையெல்லாம் மாற்றியபிறகுதான் தெரிந்தது, சிவப்பில் பட்டியல் காட்டும் வசதியே கிடையாது.

நீலம் பார்க்க அழகு. பிள்ளையின் படம், கீழே பெயர், வகுப்பு, ஒரு வரிக் கதை என்று அட்டை அட்டையாக அடுக்கிக் காட்டியது. தமிழ் எழுத்து உடையவில்லை. இலவசம். ஆனால் படிவத்தில் என்ன கேட்டாலும் அதைப் பட்டியலில் அப்படியே கொட்டியது. தொலைபேசி எண், அடையாள அட்டை எண், காம்பரா எண் எல்லாம்.

பச்சைக்கு அழகு பற்றாது. கோடு போட்ட கட்டம், கறுப்பு எழுத்து, வருஷா வருஷம் சந்தா வேறு. ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் யார் பார்க்கலாம் என்று தனித்தனியாகப் பூட்டுப் போட முடிந்தது. இன்னொன்றையும் வினோதா கண்டுபிடித்தாள். ஹட்டனிலிருந்து நோர்வூட் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து போனில் மூன்று படிவத்தையும் நிரப்பிப் பார்த்தாள். சிக்னல் அறுந்துபோகும் வளைவு ஒன்று உண்டு. அங்கே சிவப்பும் நீலமும் எழுதியதையெல்லாம் விழுங்கிவிட்டு வெறுங்கட்டத்தைக் காட்டின. பச்சை மட்டும் எழுதியதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு சிக்னலுக்குக் காத்திருந்தது. அவளுக்கு அதன்மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது.

சோதித்துப் பார்க்க ஒரு பிள்ளையின் விவரம் வேண்டியிருந்தது. பொய்யாக ஒன்றை எழுதத் தோன்றாமல், பதின்மூன்று வயதில் தான் எப்படி இருந்தாளோ அதையே எழுதினாள். எம். வினோதா. எட்டாம் வகுப்பு. தகப்பன் இல்லை. தாய் தோட்டத் தொழிலாளி. தேவை: சப்பாத்து. நீலத்தின் அட்டையில் அது அழகான எழுத்தில் வந்து விழுந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள்: "இலவசச் சப்பாத்து பெறும் வறிய மாணவர்." ஏழாவது பெயர் அவளுடையது. அன்றிலிருந்து பையன்கள் அவளைச் சப்பாத்து என்றுதான் கூப்பிட்டார்கள். சப்பாத்து ஆறு மாதத்தில் வாய் பிளந்துவிட்டது. அந்தப் பட்டப்பெயர் பத்தாம் வகுப்பு வரைக்கும் போனது. அட்டையை அழித்துவிட்டு, அன்றைக்கே பதினேழாவது வரியை எழுதினாள்.

கூட்டத்துக்குச் சதீஸ்குமார் கொழும்பிலிருந்து திரையில் வந்தான். சுந்தரலிங்கத்தின் அக்கா மகன். பெரிய கம்பனி ஒன்றில் கொம்பியூட்டர் வேலை. நிதியத்துக்குச் சம்பளமில்லாத ஆலோசகன். அட்டவணையைப் புரட்டினான், மூன்றையும் திறந்து பார்த்தான்.

"பச்சையப் பாத்தா பெரட்டுக்களத்துல பேரு கூப்பிடுற மாதிரி இருக்கு மாமா. டொரோண்டோல இருக்கிறவர் இதப் பாத்து எப்பிடி ஒரு புள்ளைய எடுப்பாரு?"

பெரட்டுக்களத்தை அவன் வாழ்நாளில் பார்த்திருப்பானா என்று வினோதா நினைத்தாள். முப்பத்தொரு வருஷம் விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டில் நின்ற ஒருத்தியை அவளுக்குத் தெரியும். தேநீர் வந்தது. குடித்து முடித்து எல்லோரும் நீலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது குரலை எழுப்பினாள்.

"சேர், பதினேழாவது வரி..."

"அது பெரிய விசயம் இல்லங்க வினோதா," என்றான் சதீஸ்குமார். "ரெண்டு வரி கோட் எழுதினா அந்தக் கட்டமெல்லாம் மறைஞ்சிரும்."

"மறையுந்தான் சேர். ஆனா அழியாது, உள்ளுக்குள்ள இருக்கும். மொடியூல் புதுசா அப்டேட் ஆனா நம்ம எழுதினது போயிரும். எல்லாம் வெளிய வந்துரும்."

"அப்டேட் வந்தா திருப்பி எழுதுவீங்க. அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க?"

சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு எத்தனையோ நாள் அந்தச் சிரிப்பை நினைத்து அவளுக்கு வாய் கசந்திருக்கிறது.

"அப்ப நீலம்," என்றார் சுந்தரலிங்கம். "நீங்க மறைச்சிருங்க வினோதா."

மறைத்தாள். உண்மையாகவே இரண்டு வரிதான். எழுதி முடித்துப் பக்கத்தைத் திறந்தபோது அட்டைகளில் படமும் பெயரும் வகுப்பும் ஒரு வரிக் கதையும் மட்டுமே தெரிந்தன. "மறைச்சாச்சு சேர்" என்று மின்னஞ்சல் அனுப்பினாள். அந்த இரண்டு சொல்லைத்தான் பின்னால் அவர் பிரிண்ட் எடுத்து மேசையில் வைத்தார்.

பிறகு மூன்று மாதம் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினாள். மஸ்கெலியா, நோர்வூட், கந்தப்பளை என்று நூற்றுப் பதினெட்டுப் பிள்ளைகள். எழுதத் தெரியாதவர்களுக்கு அவளே போனில் நிரப்பிக் கொடுத்தாள். படிவத்தில் என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசைப்படுத்தியதும் அவள்தான். தாய் எந்த நாட்டில், போய் எத்தனை வருஷம், தகப்பனுக்கு என்ன வேலை, வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது யார். கொடுப்பவர்கள் கேட்பார்கள் என்று எல்லாவற்றையும் கேட்டாள்.

நோர்வூட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் சோலைமலை என்பவரின் காம்பராவுக்குப் போனது ஒரு மழை நாளில். தேயிலை பெக்டரியில் இரவு வாச்சர். பகலில் தூங்குகிறவரை எழுப்ப வேண்டாமென்று மகள் பிரியந்தியே வாசலில் நின்று பதில் சொன்னாள். பதினோராம் வகுப்பு. அந்த வருஷம் சாதாரணதரப் பரீட்சை. தாய் குவைத்துக்குப் போய் நான்கு வருஷம். கீழே ஒரு தம்பி, ஐந்தாம் வகுப்பு.

"ராத்திரியில வீட்டுல யாரும்மா?"

"நானும் தம்பியுந்தான்க்கா. அப்பா விடிஞ்சுதான் வருவாரு."

வினோதா அதை எழுதினாள். பிரியந்தி அவள் தோள்வழியாகத் திரையை எட்டிப் பார்த்தாள். "இதெல்லாம் யாரு பாப்பாங்கக்கா?"

"படமும் படிப்பும் மட்டுந்தான் தெரியும். மத்ததெல்லாம் எங்க ஒப்பீசுக்குள்ளதான்."

சொல்வதற்கு முன்னால் ஒரு நொடி தயங்கினாள். பிரியந்தி அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கணக்குப் பாடத்துக்கு ஏ எடுப்பேன் என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் படம் எடுத்தாள்.

இணையத்தளம் திறப்பு விழா மண்டபம் எடுத்து நடந்தது. பெரிய திரையில் பிள்ளைகளின் முகங்கள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன, ஆட்கள் கை தட்டினார்கள். நிதியத்தின் பேஸ்புக் பக்கத்தில் அன்றைக்கே தொடுப்பைப் போட்டார்கள். ஊரில் போன் வைத்திருந்தவர்களெல்லாம் போய்ப் பார்த்தார்கள். இரண்டே மாதத்தில் நாற்பது பிள்ளைகளுக்கு ஆள் கிடைத்தது. பிரியந்திக்கும் கிடைத்தது.

ஒக்டோபரில் இரண்டாம் கட்டப் பிள்ளைகளைப் பதிய வினோதாவைக் கந்தப்பளைப் பக்கம் அனுப்பினார்கள். பத்து நாள் அங்கேயே தங்கி வேலை. அந்தப் பத்து நாளுக்குள் ஏதோ ஒரு நாள் நீல மொடியூல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. அவள் எழுதிய இரண்டு வரியும் போனது. யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டியவள் மலைக்கு அந்தப் பக்கம் சிக்னல் இல்லாத டிவிசனில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வந்த மறுநாள் காலை சோலைமலை அலுவலகப் படியேறி வந்தார். இரவு வேலை முடித்துத் தூங்காமல் வந்த கண். கையில் மகளின் போன்.

"மிஸ், நீங்கதானே எங்க வீட்டுக்கு வந்தது?"

"ஆமாங்கய்யா. ஒக்காருங்க."

அவர் உட்காரவில்லை. "ஒரு கெழமையா புள்ளைக்கு கோல் வருது. தெரியாத நம்பரு. பேரு சொல்றான். எந்த லயம், எத்தனாவது காம்பரான்னு சொல்றான். அம்மா குவைத்துல, அப்பன் ராவுல பெக்டரியில, தனியாத்தானே இருக்கன்னு சொல்றான். புள்ள நடுங்கிப்போச்சு. முந்தாநேத்து டியூசன் விட்டு வரும்போது பஸ் ஹோல்ட்டுல ஒருத்தன் பேரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கான். இது எப்பிடி மிஸ் அவனுக்குத் தெரியும்? நாங்க ஒங்ககிட்டத்தானே சொன்னோம்?"

வினோதா இணையத்தளத்தைத் திறந்தாள். பிரியந்தியின் சிரித்த முகத்துக்குக் கீழே எல்லாம் இருந்தது. தொலைபேசி எண், டிவிசன், லயம், காம்பரா. "தகப்பன் இரவு வாச்சர். பிள்ளையும் தம்பியும் வீட்டில் தனியே." அவளே தட்டிய எழுத்து. கீழே இறக்கினாள். நூற்றுப் பதினெட்டு அட்டையிலும் அப்படியே.

பக்கத்தை மூடினாள், தளத்தையே நிறுத்தினாள். அதற்கு ஐந்து நிமிஷம் பிடித்தது. சோலைமலை நின்றுகொண்டே இருந்தார்.

"எங்க தப்புதாங்கய்யா," என்றாள். "இப்ப எடுத்துட்டேன். பொலிசுல ஒரு முறைப்பாடு போடுவோம். நானும் வாறேன்."

"பொலிசுக்குப் போனா புள்ள பேருதான் கெடும்." போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "எடுத்துட்டீங்க, சரி. பாத்தவன் கண்ணுல இருந்து எப்பிடி எடுப்பீங்க?"

அவர் படியிறங்கிப் போனார்.

சுந்தரலிங்கம் முதலில் தலையில் கை வைத்துக்கொண்டார். அரை மணி நேரம் உண்மையாகவே வருந்தினார். பிறகு சதீஸ்குமாரோடு போனில் பேசினார். பேசி முடித்துக் கூப்பிட்டபோது அந்த மின்னஞ்சலின் பிரிண்ட் மேசையில் இருந்தது.

"மறைச்சாச்சுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க வினோதா?"

"எழுதினேன் சேர். அதுக்கு முன்னாடி அட்டவணையிலயும் எழுதினேன். கூட்டத்துலயும் சொன்னேன்."

"சொன்னீங்க. ஆனா கடைசியா என்ன சொன்னீங்க? மறைச்சாச்சுன்னுதானே?"

அவர் பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவர் சொன்னது உண்மை. மறைத்தது ஒருநாள் வெளியே வரலாம் என்று தெரிந்துகொண்டே, ஒரு பிள்ளையின் முகத்துக்கு நேரே வாக்குக் கொடுத்தது அவள்தான். சதீஸ்குமார் அந்தப் பிள்ளையைப் பார்த்ததே இல்லை.

கனடாவுக்கும் லண்டனுக்கும் ஒரு கடிதம் போனது. "ஊழியர் ஒருவரின் தொழில்நுட்பக் கவனக்குறைவினால் ஏற்பட்ட தவறு உடனடியாகச் சீர்செய்யப்பட்டது." கொடுப்பவர்களுக்குக் கடிதம். வாங்குகிற நூற்றுப் பதினெட்டு வீடுகளுக்கு ஒன்றும் இல்லை.

"அவங்களுக்கும் சொல்லணும் சேர். யாருக்கெல்லாம் கோல் வருதோ?"

"சும்மா கெடக்கிற சனத்த ஏன் பயமுறுத்துறீங்க? இப்பத்தான் எடுத்தாச்சே."

அடுத்த வாரமே தளம் மறுபடி திறந்தது. பச்சை மொடியூலில். சதீஸ்குமார் ஒரே சனிக்கிழமையில் செய்து முடித்தான். வருஷக் கடைசியில் வந்த நிதியத்தின் அறிக்கையில் "தரவுப் பாதுகாப்பு மேம்பாடு" என்று ஒரு பக்கம். அதில் வினோதாவின் அட்டவணை இருபத்திரண்டு வரியோடும் அப்படியே. கீழே சதீஸ்குமாரின் பெயர். இப்போது அடிக்கோடு பச்சைக்கு நேரே இருந்த "முடியும்" என்ற சொல்லின் கீழே.

அறிக்கை வருவதற்கு வெகு முன்னாலேயே அவளுக்கு வேலை போய்விட்டிருந்தது. அது இப்படி நடந்தது.

அந்தக் கடிதம் போன அன்று வீட்டுக்குப் போய் வீரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மொடியூல், அப்டேட், பதினேழாவது வரி எல்லாம். வீரம்மா முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டாள். அவளுக்குப் பாதி விளங்கவில்லை. விளங்கிய பாதி போதுமாக இருந்தது.

"ராவுல வீட்டுல யாரு இருக்கான்னு ஒன்னைய யாருடி கேக்கச் சொன்னது?"

"குடுக்கிறவங்க கேப்பாங்கம்மா..."

"அவனுக கேட்டா? ஒனக்கு எங்க போச்சு புத்தி? நீ கேட்டதாலதானே அந்தப் புள்ள சொல்லுச்சு? சொன்னதாலதானே அதுக்குள்ள போச்சு?"

வினோதா மூன்று வாரம் மூன்று மொடியூலைத் தலைகீழாகப் பிரித்துப் பார்த்தாள். எது கேட்டதைப் பத்திரமாக வைக்கும், எது கொட்டும் என்று இருபத்திரண்டு வரி எழுதினாள். இதைக் கேட்கத்தான் வேண்டுமா என்று ஒரு வரி அதில் இல்லை. சிவப்பாக இருந்தாலென்ன, நீலமாக இருந்தாலென்ன, மூன்றும் அவள் கொடுத்த கேள்வியைத்தான் கேட்டன. அதை நினைத்ததும் சுந்தரலிங்கத்தின் மேலும் சதீஸ்குமாரின் மேலும் கட்டி வைத்திருந்த கோபத்தில் பாதி அவள் பக்கமே திரும்பிக்கொண்டது. மீதிப் பாதி போன இடத்திலேயே இருந்தது.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இரும்புக் கடையின் பின்பக்கம், கம்பி அடுக்கியிருந்த இடத்தில் நின்று, தன் சொந்தப் போனிலிருந்து நூற்றுப் பதினெட்டு வீடுகளில் முதல் வீட்டை அழைத்து நடந்ததைச் சொன்னாள். ஆறு நாள் அப்படி அழைத்தாள்.

மஸ்கெலியாவில் ஒரு தகப்பன் முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப உதவி வராதா மிஸ்?" என்றார். வரும் என்று சொன்னதும், அப்படியென்றால் பிரச்சினை இல்லை என்று வைத்துவிட்டார். ஒரு பெண் சிரித்தாள். "எங்க வீட்டுக் கத லயம் முழுக்க நாறிக் கெடக்கு. கொம்பியூட்டருக்குத் தெரிஞ்சா என்ன தங்கச்சி?" சின்னராசா என்றொரு அண்ணன்காரன் கேட்கக் கூடாத வார்த்தையெல்லாம் சொன்னான், அவள் கடைசிவரை கேட்டாள். ஒரு வீட்டில் சின்னப் பிள்ளை எடுத்து, "அப்பா வேலைக்கு, அண்ணா வெளாடப் போயிருச்சு, நான் மட்டுந்தான் இருக்கேன்" என்றது. முன்பின் தெரியாத குரலுக்கு அது அத்தனையையும் சொல்லிவிட்டதே என்று வினோதாவுக்கு உடம்பு கூசியது. "அப்பிடியெல்லாம் யார்கிட்டயும் சொல்லக் கூடாது கண்ணு" என்று மட்டும் சொல்லி வைத்தாள். நான்கு வீடுகளில் ஏற்கெனவே அந்த மாதிரிக் கோல் வந்திருந்தது. அதில் இரண்டு வீட்டில் நிதியத்திலிருந்துதான் பேசுகிறார்கள் என்று நம்பி மரியாதையாகப் பதில் சொல்லியிருந்தார்கள்.

ஏழாம் நாள் சுந்தரலிங்கம் கூப்பிட்டார். யாரோ ஒரு பிள்ளையின் சித்தப்பா கனடாவில் பொறுப்பெடுத்தவருக்கே செய்தி அனுப்பிவிட்டாராம்.

"எனக்குச் சொல்லாம ஏன் செஞ்சீங்க?"

"சொல்லியிருந்தா விட்டிருக்க மாட்டீங்க சேர்."

"எட்டு வருசம் ஒரே குடும்பமா இருந்தோமே வினோதா." அவர் குரல் தழுதழுத்தது. எட்டு வருஷத்தில் அவள் தாயின் பெயரை அவர் ஒருநாளும் கேட்டதில்லை என்பது அந்த நேரத்தில்தான் அவளுக்கு நினைவு வந்தது. மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொன்னார். அவள் அன்றைக்கே பையை எடுத்தாள்.

பிரியந்தியைச் சோலைமலை பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார். பரீட்சைக்கு ஏழு வாரம் இருந்தது. கொழும்பில் ஒரு சித்தி வீட்டுக்கு அனுப்பினார். அங்கே உடுப்புக் கடை ஒன்றில் அவளைச் சேர்த்துவிட்டார்கள். வினோதா இரண்டு தடவை போய்ச் சோலைமலையிடம் கெஞ்சினாள். பரீட்சையை மட்டுமாவது எழுதட்டும், நானே கூட்டிப் போய்க் கூட்டி வருகிறேன் என்றாள். முதல் தடவை அவர் கேட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனார். இரண்டாம் தடவை, "நீங்க இந்தப் பக்கம் வராதீங்க மிஸ். நீங்க வந்துட்டுப் போனாலே லயத்துல என்னன்னு கேக்கிறாங்க" என்றார்.

உதவிப் பணம் மட்டும் மூன்று மாதம் பிரியந்தியின் பெயருக்கு ஒழுங்காக வந்தது. பிள்ளை படிக்கவில்லை என்று தெரிந்ததும் நின்றது.

வினோதா இப்போது தலவாக்கலையில் ஒரு போட்டோ கொப்பிக் கடையில் வேலை செய்கிறாள். டைப் அடிக்கிறாள், ஆட்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறாள். முந்தி எங்கே வேலை என்று கேட்பவர்களிடம் கடையில்தான் என்கிறாள். அது பொய்யும் அல்ல, மேல்மாடி என்பதைச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

சித்திரை லீவுக்குப் பிரியந்தி ஊருக்கு வந்திருப்பதாக யாரோ சொன்னார்கள். வர வேண்டாமென்று சொன்ன இடத்துக்கு வினோதா போகவில்லை. நோர்வூட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது தற்செயலாகத்தான் கண்டாள். தம்பிக்குச் சப்பாத்து வாங்கிக்கொண்டு பிரியந்தி கடையிலிருந்து இறங்கி வந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். ஆள் மெலிந்து, ஒரு வருஷத்துக்கு மேலேயே வளர்ந்துவிட்டவள் மாதிரி இருந்தாள். கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று வினோதா நினைத்தாள். திருப்பவில்லை. "அக்கா" என்று நின்றாள்.

வினோதா மன்னிப்புக் கேட்டாள். நினைத்து நினைத்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் வரவில்லை. ரோட்டோரத்தில், பஸ் இரைச்சலுக்குள், "என்னாலதாம்மா" என்று மட்டுந்தான் வந்தது.

"விடுங்கக்கா."

"இந்த வருசம் பிரைவேட்டா எழுதலாம் பிரியந்தி. நான் வந்து விண்ணப்பம் போட்டுக் குடுக்கிறேன். கணக்குக்கு நீ ஏ எடுப்பேன்னு சொன்னியே."

பிரியந்தி சற்று யோசித்தாள். மறுக்கிற யோசனையாகத் தெரியவில்லை. சரியான பதிலைத் தேடுகிறவள் மாதிரி இருந்தாள்.

"இல்லக்கா. கடையில நல்லாத்தான் இருக்கு. ஆயிரம் பேரு வருவாங்க போவாங்க, என்னைய யாருக்கும் தெரியாது. பேரு கூட வேற சொல்லியிருக்கேன்." அவள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. விலை சொல்வது மாதிரிச் சொன்னாள். "அப்பிடி இருக்கிறதுதான்க்கா எனக்குப் புடிச்சிருக்கு."

தம்பி பையை இழுத்தான். வினோதா போனை எடுத்தாள். "மனசு மாறினா பேசும்மா. ஒன் நம்பரக் குடு, நான் ஒரு மிஸ்கோல்..."

"வேணாங்க்கா," என்றாள் பிரியந்தி. மரியாதையாகத்தான் சொன்னாள். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்து, தோட்டத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் ஏறினாள்.